ஒரே தட்டில் இரண்டு இலை

பிப்ரவரி 4

இன்றும் நாள் முழுக்க நறுக்கல். இலையைத் தட்டில் போட்டு, திரவம் விட்டு, பிளேடால் கூழாக்கி, டிஎன்ஏவில் ஒட்டும் சாயம் ஊற்றி மெஷினுக்குள் விட வேண்டும். ஓர் உயிரணுவுக்குள் எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்பதை அது முகடாக வரைந்து காட்டும். மலைச்செடியின் இலை மட்டும் நறுக்கியதுமே பழுப்பாகிச் சளி போல இழுக்கிறது. பார்த்தாலே குமட்டுகிறது.

மாலைக் கூட்டத்தில் பேராசிரியர் என் மூன்று வருட முகடுகளைக் காட்டி, "மலை ஏற ஏற இந்தச் செடி சுமையை இறக்கி வச்சிருக்கு" என்றார். ஒரே இனம்தான், சமவெளியில் வளர்வதைவிட மலையில் வளர்வதற்கு டிஎன்ஏ ஆறில் ஒரு பங்கு குறைவாம். கைதட்டல். அதே வாக்கியம், அதே இடத்தில் அதே இருமல். ஒன்பதாவது முறை கேட்கிறேன்.

வெங்காயத்துக்கு மனிதனைப் போல ஐந்து மடங்கு டிஎன்ஏ, பெரும்பாலும் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகிய சரக்கு என்று அக்காவிடம் சொன்னேன். "அதான் கொழுப்பெடுத்துப் போய் எல்லாரையும் அழ வைக்குது" என்றாள்.

பிப்ரவரி 11

என் ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: இரண்டு இலைகளையும் ஒரே தட்டில் சேர்த்து நறுக்கிப் பார்த்தீர்களா? அளவு நிஜமாகவே வேறானால் முகடு இரண்டு வரும். மலை இலையின் துவர்ப்புச் சாறு சாயத்தை ஒட்டவிடாமல் செய்திருந்தால், சேர்த்து நறுக்கும்போது அந்தச் சாறு இரண்டையும் ஒரேபோலக் கெடுத்து, முகடு ஒன்றாகிவிடும்.

முதல் வருடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பிப்ரவரி 12

சேர்த்து நறுக்கினேன். ஏழு தட்டு. ஏழிலும் ஒரே முகடு.

பிப்ரவரி 13

ஏழு வரைபடங்களையும் அச்செடுத்தேன்.

பிப்ரவரி 15

வரைபடங்களைப் பேராசிரியர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம கட்டுரை இதழ்ல வந்து ஒரு வருஷமாச்சும்மா. இப்பப் போய்க் கிளறணுமா? செஞ்சோம், ரெண்டு முகடு வந்துச்சுன்னு பதில் எழுதிடு. ஜூன்ல உனக்குப் பட்டம்."

"வரலையே சார்."

"வந்ததா நினைச்சு எழுது."

சிரித்துக்கொண்டே சொல்கிறார்! இந்த ஆளையா இத்தனை நாள் கையெடுத்துக் கும்பிட்டேன்? வெளியே வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பிப்ரவரி 18

அவர் மேல் புகார் எழுத ஆதாரம் தேடி என் முதல் வருடக் குறிப்பேட்டை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

என் கையெழுத்து: "மலை, சமவெளி சேர்த்து நறுக்கியது. ஒரே முகடு. பிளேடு மழுங்கல். கணக்கில் சேர்க்க வேண்டாம்."

அதே பக்கத்தின் மேலே, அதுவும் நான்தான்: "புது பிளேடு பிரித்தேன்."

ச்சீ. செஞ்சிருக்கேன். கண்ணால பாத்திருக்கேன். பிடிக்கல, தூக்கிப் போட்டுட்டேன். மறந்தும் போயிட்டேன் — இல்ல, மறக்கணும்னே மறந்தேனா?

பக்கத்தின் அடியில் அவருடைய பச்சை மைக் கையெழுத்து. படித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார். ஒரு பொய்க்கு இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறோம். மூன்று நாளாக அவரை மட்டும் திட்டிக்கொண்டிருந்த என் வாயை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 19

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ மூணு வருஷம் போச்சாடி?"

"அன்னைக்கே போச்சுக்கா. இன்னைக்குத்தான் தெரியுது."

"வாயை மூடிட்டு இருந்தா பட்டம். திறந்தா?"

"பட்டமும் இல்ல, வேலையும் இல்ல."

என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "மூடிட்டு இருக்கிற மூஞ்சியா தெரியலையே" என்றாள்.

பிப்ரவரி 20

தேர்வாளருக்கும் இதழுக்கும் எழுதிவிட்டேன். குறிப்பேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன், என் கையெழுத்தும் தெரியும்படி.

மே 6

இதழில் அறிவிப்பு வந்துவிட்டது. நான்கே வரி. அளவு வேறுபாடு இலைச் சாற்றால் வந்த பிழை. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் மட்டுமே இதற்கு இசைந்துள்ளார்.

அக்கா இரண்டு முறை படித்தாள். "அந்த ஒருத்தர் யாருன்னு போடலையே?"

"ஆய்வகச் சாவிய யார்கிட்ட திருப்பிக் கேட்டிருக்காங்கன்னு பாத்தா தெரிஞ்சிடும்."

நாளை காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.