சுவரில் மாட்டிய லைசென்ஸ்

மார்ச் 3

என் முதல் மாணவிக்கு,

ஹாரன் சத்தத்துக்கு நடுவே சௌக்கியமாக இருக்கும் அப்பா எழுதுவது. நம் நாட்டு லைசென்ஸை இனி நீ இருக்கும் நாட்டில் டெஸ்ட் இல்லாமலே மாற்றித் தருவார்களாமே, பேப்பரில் பார்த்தேன். உனக்கென்ன, போன வருடமே அங்கே பாஸானவள். வேறு யாராவது தவித்தால் சொல். உன் பழைய லைசென்ஸ் சட்டம் போட்டு நம் டிரைவிங் ஸ்கூல் சுவரில் ஜம்மென்று இருக்கிறது. சேர வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு, முதல் தடவையே பாஸு" என்கிறேன். உன் அம்மாவுக்குக் காது புளித்துவிட்டது.

பெருமையுடன்,
அப்பா

மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். நான் பாஸாகவில்லை. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் ஃபெயில். காரில் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன் என்று எழுதியதெல்லாம் புளுகு. ஆஸ்பத்திரி வார்டில்தான் இருக்கிறேன், பஸ்ஸில்தான் போகிறேன்.

வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலை மே முதல் தேதி காலியாகிறது. லைசென்ஸ் இருந்தால் எனக்குத்தான் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். புது விதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அசலை ஒப்படைக்க வேண்டும், திரும்பத் தர மாட்டார்கள்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். லைசென்ஸையும் கூடவே அனுப்பிவிடுங்கள்.

பயத்துடன்,
மகள்

மார்ச் 21

பொய்க்காரிக்கு,

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் உன் அம்மா, "பேசலைன்னா போங்க, சட்டத்தையாவது கழட்டுங்க" என்றாள். கழற்றினால் லைசென்ஸ் வரவில்லை. சரியக் கூடாதென்று சட்டம் போட்ட அன்றைக்கு நானே பசை போட்டு அட்டையில் ஒட்டியிருக்கிறேன். சுரண்டினால் எழுத்து போய்விடும். கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டுச் சட்டத்தோடு அனுப்புகிறேன்.

ஒளிக்காமல் எழுது. எதில் ஃபெயிலானாய், கிளச்சா, ரிவர்ஸா? சொல்லிக்கொடுத்தவன் நான், தெரிந்தாக வேண்டும்.

அப்பா

ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கவுண்டரில் சட்டத்தை வைத்தேன். லைசென்ஸுக்குக் கீழே நீங்கள் சிவப்பு மையில் எழுதியதைக் காட்டி, என்ன என்று அதிகாரி கேட்டார். "முதல் மாணவி, முதல் முயற்சி" என்று விளக்கினேன். அவர் பெரிய உறையாகத் தேடி எடுத்து, சட்டத்தோடு உள்ளே வைத்தார். பத்து நாளில் புதுசு வரும்.

கேட்டீர்களே, கிளச்சுமில்லை ரிவர்ஸுமில்லை. ஹாரன். "திருப்பத்துல ஹாரன் அடிக்காதவன் டிரைவரே இல்ல" என்பீர்கள். இங்கே ஹாரன் அடித்தால் யாரையோ திட்டியதாக அர்த்தம். என் கையோ தானாகப் போகிறது. மூன்றாம் தடவை பரிசோதகர் காதையே பொத்திக்கொண்டார்.

உங்கள் பாடத்தால்தான் ஃபெயிலானேன் என்று எப்படி எழுதுவேன்? பொய் சொல்வது எளிதாக இருந்தது அப்பா.

மகள்

ஏப்ரல் 20

என் முதல் மாணவிக்கு,

படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. வேலையில் சேர்ந்ததும் முதல் வீட்டுக்கு எப்படி ஓட்டிப் போனாய் என்று எழுது. கையை ஹாரனிலிருந்து தள்ளி வை.

சுவரில் வெறும் ஆணிதான் இருக்கிறது. நேற்று ஒரு தையல்கார அம்மா, டெஸ்டில் ஃபெயிலாகி அழுதுகொண்டே வந்தார். ஆறுதலுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. உன் மூன்று ஃபெயில் சீட்டையும் அனுப்பு, சட்டம் போட்டு அங்கே மாட்டுகிறேன்.

இந்தத் தடவை பசை போட மாட்டேன்.

அப்பா