பாப்பா போட்டோவில் தெரிந்த சுவர்

மஸ்கட்
டிசம்பர் 2001

அன்புள்ள வேண்டாவுக்கு,

நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன். மதுராந்தகத்தில் மழை விட்டதா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் ஒரு வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததுமே ஈரச் சாக்கு நாற்றம். ஏசியில் ஒன்றுமில்லை. அலமாரியை நகர்த்தி, டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்தால், கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. "இன்னா மூக்குப்பா ஒனக்கு!" என்று கூட வந்த மாமல்லபுரத்துக்காரர் சிரித்தார். வீட்டுக்கார அம்மா ஒரு பை பேரீச்சம்பழம் கொடுத்தார்.

அதைத் தின்றுகொண்டே, தீபாவளிக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பாப்பா பீரோ ஓரமாக நிற்கிறாளே, அவள் தோளுக்குப் பின்னால் அதே புள்ளிகள். இத்தனை நாளும் பிலிம் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

"ஒண்டியா கீற, ஏரிப் பக்கம் ஜன்னலத் தொறக்காத" என்று கிளம்பும்போது சொன்னவன் நான். நீயும் சாத்தியே வைத்திருக்கிறாய். "ரூம்ல ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது" என்று போனில் சொன்னாய். "ஊதுவத்தி கொளுத்து" என்றேன். ஊரார் வீட்டுக்குத்தான் என் மூக்கு உதவுகிறது.

இன்றே ஜன்னலைத் திற. உன் அண்ணனிடம் சொல்லி பீரோவைச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. பாப்பா முன்னறையில் படுக்கட்டும். இருமலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் சுவரைப் பற்றியும் சொல். அப்புறம் இன்னொரு போட்டோ அனுப்பு, இந்த முறை நீயும் நில்.

வேன் ஹாரன் அடிக்கிறது. போட்டோ வந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

சடையப்பன்