ஒரு பிடி அகலப் போர்

கருங்குன்றத்தின் காவலரும், எங்கள் எல்லைக்கு அப்பால் விளையும் அனைத்துக்கும் உரியவருமான அரசி வானவல்லியாரின் திருமுன்பு, நீர்மருத நாட்டு அமைச்சர் ஆதன்வேள் பணிந்து அனுப்பும் ஓலை. தங்கள் மலைகளில் மழை குறையாதிருக்க.

ஆம், தாங்கள் கேள்வியுற்றது மெய்தான். இரு நாட்டு வீரரும் எல்லை நெடுகப் போரிடுகிறார்கள். நண்பகலில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் செய்கிறார்கள்.

நம் நாடுகளுக்கு எல்லையாகக் கட்டப்படும் தோல்வாரை ஆண்டுதோறும் எங்கள் அரசரே செஞ்சாயத்தில் தோய்ப்பதும், வார் சிவந்த இடமெல்லாம் நட்பு, சாயம் ஏறாத இடம் பகை என்பதும் முன்னோர் செய்த உடன்படிக்கை. இவ்வாண்டு அரசர் பொன்னெடுங்கோ, சுருட்டிய வாரை இறுகப் பற்றி எல்லையோரத் தொட்டியில் அமிழ்த்தினார். தோய்ப்பு முடிந்ததை அறிவிக்கும் மணி ஒலிக்கும் வரை பிடியைத் தளர்த்தவில்லை. வாரை விரித்துக் கட்டியபோது, சுற்றுக்கு ஒரு வெளுப்பாக, அரசரின் பிடி அகலத்தில், எல்லை முழுவதும் பகை முளைத்திருந்தது.

கடமை தவறாத வீரர்கள் அவ்விடைவெளிகளில் பக்கவாட்டில் நின்று ஒருவரோடு ஒருவராகப் பொருதுகிறார்கள். வாள் வீச இடமில்லாமையால் ஏச்சே படைக்கலம். எங்கள் வீரன், “மீசையை ஒதுக்கு, அது நட்புப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது” என்றதற்குத் தங்கள் வீரன், “உன் தொப்பை நேற்றே சமாதானம் பேசிவிட்டதே” என மறுமொழி கூறியதாக ஒற்றர் உரைத்தனர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஆதன்வேள் தங்களை வருத்தியிருக்க மாட்டார். சாயம் சீராக ஏறாதது சாயக்காரி மாசாத்தியின் குற்றம் என அரசர் தீர்ப்பளித்துவிட்டார். நாளை தோய்க்கும் புது வாரும் திட்டுத்திட்டாக வெளுத்தால், எந்நாட்டுக்கும் உரியதல்லாத ஓர் இடைவெளியில் அவள் ஆயுள் முழுதும் குடியிருக்க வேண்டுமாம். மாசாத்தி அங்கே போய் நின்று பார்த்தாள். மூச்சை உள்ளிழுத்தால் நிற்க முடிகிறது என்றாள். அடுப்பை எங்கே வைப்பது, மகள் பார்க்க வந்தால் அவள் எந்த நாட்டில் நிற்பாள் என்றும் அமைச்சரைக் கேட்டாள். அதன் பின்னரே அவர் இவ்வோலையை எழுத அமர்ந்தார்.

வாரை முன்னதாக நீரில் ஊறவைத்து, சுருளைத் தளர்த்தி, கை மாற்றி மாற்றி இழுத்தால் சாயம் ஒரே சீராக ஏறும் என்பது யானைப்பாகன் வரை அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீர்மருதத்தில் அரசர் பற்றியதை விடச் சொல்வது, முடியைக் கழற்றச் சொல்வதற்கு ஒப்பான குற்றம். குடிகள் சொல்லலாகாது, உறவினரும் நட்பரசரும் சொல்லலாகாது. பகைவர் சொல்வதைத் தடுக்க மட்டும் எங்களிடம் சட்டம் இல்லை.

தாங்கள் எங்கள் அன்புக்குரிய நட்பரசி. வெளுத்த இடைவெளிகளில் மட்டும், மன்னித்தருள வேண்டும், பகையரசி.

வார் ஊறிவிட்டது. காய்ச்சிய சாயம் ஆறிக்கொண்டிருக்கிறது. புறங்கை சிவந்தும் உள்ளங்கை வெளுத்தும் இருக்க, அரசர் விரல்களை மடக்கிப் பழகுகிறார். அரச முத்திரையும் அந்தக் கைக்குள் இருப்பதால், அமைச்சரின் கட்டைவிரல் சாயமே இவ்வோலைக்கு முத்திரை. இதைக் கொண்டுவருபவரை எவரும் தடுக்கற்க, இது ஆணை.

பொழுது புலர்ந்ததும் தங்கள் தூதர் ஒருவர், வசதியான ஏதேனும் ஓர் இடைவெளியில் பக்கவாட்டில் நின்று, தொட்டிவரை கேட்கும்படி, “கையை விடு” என்று எங்கள் அரசரை ஒருமுறை அதட்டுவாரா?