தையல் மிஷின் எண்ணெய்

டீச்சரம்மா,

உன் சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. பீரோ சாவி பழைய இடத்துலதான்.

ட்ரெட்மில் மேல காயப்போட்டிருந்த துணியெல்லாம் மடிச்சு வெச்சிட்டேன். நீ வெளியே போனதும் பிளக்கைப் பிடுங்கிட்டு, பெல்ட்டுக்கு அடியில கையை விட்டுப் பார்த்தேன். ஒரே பிசுபிசுப்பு. கீச்சுகீச்சுன்னு கத்துதேன்னு தையல் மிஷின் எண்ணெயை ஊத்தின புத்திசாலி நான்தான். அதுக்கு சிலிகான் எண்ணெய்தான் போடணுமாம்.

அது புரியாம, பெல்ட் வழுக்கி நீ தடுமாறினப்போ, "உன் வெயிட்டை அது எப்படித் தாங்கும்?"னு உங்க அக்கா முன்னாடியே கேட்டுட்டேன். நீயும் சேர்ந்து சிரிச்சே. அதுக்கப்புறம் அதுல ஏறவே இல்லை. விடியறதுக்கு முன்னாடி, யாரும் பார்க்காத நேரமாப் பார்த்துத் தெருவுல நடக்கப் போறே. நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருக்கு.

பெல்ட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன். நான் வர வரைக்கும் ஆன் பண்ணாதே. சரியான எண்ணெய் வாங்கிட்டு வரேன். இனிமே மிஷின் கயித்துல தொங்குற அந்தச் சிவப்பு கிளிப்பை டிரெஸ்ல மாட்டாம ஏறாதே; விழப்போனா மிஷின் தானா நின்னுடும்.

உங்க அக்காவுக்குப் போன் பண்ணி, தப்பு என்னோடதுன்னு சொன்னேன். "இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"ன்னு வெச்சிட்டாங்க. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. அதான் இந்தச் சீட்டு.

பி.கு: பிளக்கைப் பிடுங்கறதுக்கு முன்னாடி நானும் ஏறிப் பார்த்தேன். எனக்கும் வழுக்கிடுச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன். சிரிச்சுக்கோ. அன்னிக்குச் சிரிச்ச மாதிரி இல்லை, நிஜமாவே சிரி.