நாற்பது பேருக்கு ஒரு கார்டு

ஆம்பூர்,
திங்கள் காலை.

அன்புள்ள பிரிசில்லா அக்காவுக்கு,

இல்லை, மாத்திரை தீர்ந்துபோகவில்லை. நான் வாங்கிவர மறக்கவும் இல்லை. "வீட்ல சும்மாதான கீற, அம்மாவுக்கு மாத்திர குடுக்கக்கூட வக்கில்லையா" என்று நேற்று பெங்களூரிலிருந்து கத்தினாயே, அதற்குத்தான் இந்தப் பதில். ஒரே ரூம் வீட்டில் போன் பேசினால் எல்லாம் அம்மா காதில் விழும். அதனால் காகிதம்.

ஐடிஐயைப் பாதியில் விட்டவன் எதற்கும் லாயக்கில்லை என்று நினைக்காதே. ஆறு மாதமாகத் தினமும் காலையில் பிரஷர் மாத்திரையை நான்தான் கையில் கொடுக்கிறேன். அம்மா அதை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். அப்படியும் போன புதன்கிழமை மிஷினில் உட்கார்ந்தபடியே பேச்சு குழறிவிட்டது. பிரஷர் இருநூற்றுப் பத்து. அரை மணியில் பேச்சு திரும்பியது. அடுத்த தடவை திரும்பாமல் போகலாம் என்றார் டாக்டர். இதுவரை உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சுகாதார நிலையத்தில் அம்மாவின் அட்டையைப் பார்த்தேன். மாதா மாதம் நூற்று முப்பது, நூற்று முப்பத்திரண்டு. நர்ஸ் ஃபீபி மேடம் அட்டையை மூடிவிட்டு, "வேலைக்குப் போற நாள்ல மாத்திர போடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த பக்கத்து மிஷின் கௌசர் அக்காதான் உண்மையைச் சொன்னாள். அந்த மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரை இறக்கும். போட்டால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகணும். அவர்கள் லைனில் நாற்பது பொம்பளைகளுக்கு ஒரே கார்டு. அது கழுத்தில் தொங்கினால்தான் கதவைத் தாண்டலாம். இரண்டாம் தடவை கேட்டால் சூப்பர்வைசர், "இன்னாம்மா, தைக்க வந்தியா, உலாத்த வந்தியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்பானாம்.

அதனால் லைனில் பிரஷர் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வேலை நாளில் மாத்திரை நாக்குக்கு அடியில் இருக்கும். பஸ் கிளம்பியதும் ஜன்னலுக்கு வெளியே போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுங்குவது. செக்கப்புக்கு முந்தின வாரம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒழுங்காகப் போடுவது. அட்டையில் நம்பர் நன்றாக வந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தண்ணீர்? சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

எனக்கு அந்தச் சூப்பர்வைசர் மேல் ஆத்திரம். அட்டையில் நம்பரை மட்டும் எழுதி அனுப்பினவர்கள் மேல் ஆத்திரம். உன் மேலும்தான். நீயும் நர்ஸ்தானே. ஆறு மாதமாக "மாத்திர போட்டியா" என்று கேட்டாய். பாத்ரூம் போக விடுகிறார்களா என்று ஒரு நாள் கேட்டாயா? நானும் கேட்கவில்லை. வாயில் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மடையன் மாதிரி.

ஒரு மாத்திரையில் கால் வீங்கியதும், இன்னொன்றில் வறட்டு இருமல் வந்ததும் உனக்கே தெரியும். அதனால் இதை நிறுத்த முடியாது என்றார் டாக்டர். கேட்கும்போதெல்லாம் பாத்ரூம் போகவும் தண்ணீர் குடிக்கவும் விடவேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத் தலையணை உறைக்குள் சொருகிவிட்டாள். ஏன் என்று கத்தினேன். "பேஜார் பண்ணாதடா. சீட்டக் காட்டுனா லைன்லேர்ந்து எட்த்துட்டு பசை ஒட்டுற ரூம்ல போடுவான். அந்த வாடையில ஒரு மாசம் தாங்கமாட்டேன்" என்றாள். இருந்தாலும் எடுத்துவிட்டேன். சீட்டு இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.

நாலு நாள் லீவு முடிந்து அம்மா இன்று வேலைக்குக் கிளம்புகிறாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் போய், கேட்டிலேயே அதை நான் கொடுக்கப்போகிறேன். அம்மாவைப் பசை ரூமில் போட்டால் அந்தப் பழி என்னுடையது. போடாவிட்டாலும் என்னோடு பேசமாட்டாள்.

இந்தக் கடிதம் வந்த அன்றே அம்மாவுக்குப் போன் பண்ணு, அக்கா. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. தண்ணி குடிச்சியாம்மா என்று மட்டும் கேள். உடனே என்னைத் திட்ட ஆரம்பிப்பாள். திட்டட்டும், நடுவில் பேசாதே. வார்த்தை குழறாமல் வருகிறதா என்று மட்டும் கவனமாகக் கேள்.

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் போகணும்.

உன் தம்பி,
நெல்வின்