நாரைகள் போன பிறகு

தாம் நோங், பிப்ரவரி 1987

அன்புத் தம்பி கியெமுக்கு,

அக்கா தியெப் எழுதுவது. அம்மாவும் நானும் உன் அத்தானும் நலமாக இருக்கிறோம். கடல் தாண்டி இருக்கும் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஊதுபத்தி ஏற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய பெட்டி புத்தாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. மூட்டுவலி மாத்திரை அம்மாவுக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் பெட்டிக்குள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே? போன தடவையும் இப்படித்தான். மேலே விலாசம் எழுதியிருப்பது உன் கையெழுத்து இல்லை. உன் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், இது பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா எழுத்து. எங்களிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாயா? செய்திருந்தால் கோபம் இல்லை. பெயரை மட்டும் எழுது.

இங்கே பெரிய செய்தி தண்ணீர்தான். சண்டைக் காலத்தில் வெட்டிய கால்வாய்கள் சதுப்பை வற்ற வைத்ததும், வற்றிய சதுப்பு வருஷா வருஷம் பற்றி எரிந்ததும் நீ பார்த்தவன். இப்போது சுற்றிலும் கரை எழுப்பிக் கால்வாய் வாய்களை அடைத்துவிட்டார்கள். மழைத் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. கோரை திரும்பி முளைத்தது. பின்னாலேயே விரால் வந்தது, பாம்பு வந்தது, கடைசியில் செந்தலை நாரைகளும் வந்துவிட்டன!

முதலில் கேட்டது அம்மாதான். காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தி, "நாரை கத்துதுடி" என்றாள். நான் நம்பவில்லை. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம்! கரைக்குப் போய்ப் பார்த்தால், எரிந்த மரக்காட்டுக்குப் பக்கத்து மேட்டில் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. சாம்பல் உடம்பு, கழுத்துக்கு மேலே இரத்தச் சிவப்பு. கம்போடியா பக்கத்திலிருந்து வருகின்றனவாம், மழை பிடித்ததும் போய்விடுமாம். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து மூங்கில் பரணில் ஏறித் தூரக்கண்ணாடியில் பார்க்கிறார்கள்.

உன் அத்தான் ஹ்வாக், சதுப்பைக் காக்கும் காவல் அணியில் சேர்ந்திருக்கிறார். கண்ணி வைப்பவர்களைப் பிடிப்பது, கரையை வெட்டாமல் பார்ப்பது, நெருப்பு வந்தால் அணைப்பது, இதுதான் வேலை. ஊரில் எல்லாருக்கும் இது பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். உள்ளே நெல் போட விடவில்லை என்று குறை. ஐந்தாம் சித்தப்பாவின் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. "மனுசனுக்கு வெதைக்க எடமில்ல, நாரைக்குக் காவல்காரன்! அடுத்த பொறப்புல நானும் செவப்புத் தொப்பி போட்டுக்கிட்டுப் பொறக்கறேன்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்.

அம்மா சிரிப்பதில்லை. தினமும் விடிந்ததும் கரைக்குப் போய் நின்று மேட்டையே பார்க்கிறாள். சண்டைக் காலத்தில் லோக் அண்ணன் கடைசியாகப் போனது அந்தப் பக்கம்தான். எந்தப் பட்டாளத்துச் சட்டை போட்டுக்கொண்டு போனான் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் யார் யார் படிப்பார்களோ. இன்னும் சாப்பாட்டு வேளையில் அவனுக்கு ஒரு கிண்ணம் வைக்கிறாள். படத்தைப் படையல் பலகையில் வைக்கலாம் என்றால், "என்ன தேதியில கும்புடுவ? தேதி சொல்லு, வைக்கிறேன்" என்கிறாள். செத்த நாள் தெரியாதவனுக்குத் திதி கிடையாது, திதி இல்லாதவன் பசியோடு அலைவான்.

குளிர் காலத்தில் நெஞ்சை மூடிக்கொள். இரண்டு வரி எழுது.

உன் அக்கா,
தியெப்


தாம் நோங், ஜூன் 1987

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி. லோக் அண்ணன் கிடைத்துவிட்டான்.

மார்ச் மாதம் தேனெடுக்கப் போனவர்கள் விட்ட புகையிலிருந்து மரக்காட்டில் தீப்பிடித்தது. காவல் அணி ஆட்கள் எப்படியோ அணைத்தார்கள். அடுத்த தடவை தீ நாரைகள் நிற்கும் மேட்டுக்குத் தாவக்கூடாது என்று அதைச் சுற்றி வாய்க்கால் தோண்டினார்கள். உன் அத்தானின் மண்வெட்டியில்தான் முதல் எலும்பு தட்டியது. ஒருவன் இல்லை, இரண்டு பேர். பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கிறார்கள். சேறு இத்தனை வருஷம் அசைந்து அசைந்து இருவரையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஒரு இடுப்புவார்க் கொக்கி, டயரில் வெட்டிய ஒரு செருப்பு, இரண்டுதான் உருப்படியாகக் கிடைத்தன. கொக்கி ஒரு பக்கத்துக்காரனுடையது, செருப்பு மறுபக்கத்துக்காரனுடையது. புரிந்துகொள்.

அவர் வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். காலைக்கூடக் கழுவவில்லை. அம்மாவை ஓடத்தில் ஏற்றிப் போனோம். அவள் அழவில்லை. பாயில் பரப்பியிருந்ததை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரு முன்கை எலும்பை எடுத்தாள். நடுவில் கோணலாக ஒட்டியிருந்தது. சின்ன வயதில் எருமை தள்ளி அண்ணன் கை உடைந்ததும், வைத்தியர் கோணலாகக் கட்டிவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். "இது எம்புள்ள" என்றாள்.

செய்தி கேட்டுக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து தோம் அக்கா வந்தாள். அவள் கணவரும் அதே வருஷம் அதே காட்டில் காணாமல் போனவர், மறுபக்கத்துக்காரர். அத்தனை வருஷம் நம் வீட்டு வாசலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போவாளே, அவள்தான். செருப்பைப் பார்த்தாள், அளந்து பார்த்தாள், அவருடையதுதான் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க வூட்டுக்காரரு இல்லேன்னா வேற யாரோ ஒருத்தியோட வூட்டுக்காரரு. அவ வர்ற வரைக்கும் நான் வச்சுக்கறேன்" என்றாள்.

வட்டார அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் சங்கடம். செருப்புக்காரருக்குத் தியாகிகள் கல்லறையில் இடம் உண்டு, எடுத்துப் போக வேண்டும் என்றார். மற்றவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். தோம் அக்கா கேட்டாள், "எந்த எலும்பு எந்தக் கட்சின்னு பிரிச்சுக் குடுங்க, நானே தூக்கிட்டு வர்றேன்." அம்மா பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "பிரிக்க வேணாம். இத்தன வருசம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படுத்திருந்தாங்க" என்றாள். அதிகாரி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, தாம் வந்தபோது எலும்பு எதுவும் அடையாளம் தெரியும் நிலையில் இல்லை என்று எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எலும்புகளை அரிசிச் சாராயத்தில் கழுவி, ஒரே மண்சாடியில் வைத்து நம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கே புதைப்பது என்று அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த மேட்டில்தான். சிமெண்டில் சின்னதாக ஒரு கல்லறை, மேலே கூரை, தினமும் ஊதுபத்தி. இத்தனை வருஷமாக அவள் மனதுக்குள் கட்டி வைத்திருந்த கல்லறை அது.

ஆனால் தோண்டிய மறுநாளிலிருந்து நாரைகளைக் காணோம். நாரைகள் இரவு தங்கியது அந்த மேட்டை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரில்தான். எலும்பு பார்க்க ஊரே கூடியதும், வட்டமடித்து வட்டமடித்துப் பார்த்துவிட்டு எல்லைப் பக்கம் போய்விட்டன. காலையில் எழுந்தால் ஒரு சத்தம் இல்லை. பேய் அடித்த மாதிரி இருந்தது தம்பி. எரிந்த காட்டில் சண்டை முடிந்த வருஷம் இருந்த அதே அமைதி. அம்மா கரையில் நின்று, "யாருடி வெரட்டினா?" என்று கேட்டாள். பிறகு அவளே தெரிந்துகொண்டாள்.

காவல் அணித் தலைவர் வின் ஒருநாள் வந்தார். இளவயதுக்காரர், பட்டணத்தில் படித்தவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். மேட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் நாரைகள் திரும்பாது, இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் வருமா என்பதே சந்தேகம். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். ஆனால் அண்ணனின் சாடியைப் பார்த்துக் கும்பிட்டார். "மகனைக் கொடுத்த அம்மாகிட்ட நான் எப்படிக் கேப்பேன்?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஐந்தாம் சித்தப்பாகூட அன்று கேலி பேசவில்லை. "சொந்தப் புள்ளைய பொதைக்க நாரைகிட்ட அனுமதி கேக்கணுமா?" என்று கோபமாக எழுந்து போனார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் அப்போது பட்டது.

அம்மா இரண்டு நாள் கரையிலேயே நின்றாள். பிறகு வின்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "எம்புள்ள செத்துக் கெடந்தப்ப பக்கத்துல யாருமில்ல. மொதமொதல்ல வந்து நின்னது இதுங்கதான். வெரட்டிட்டு நான் எப்படி அங்க ஊதுபத்தி வைப்பேன்? மொதல்ல இதுங்க திரும்பி வரட்டும், மழை வரட்டும். இதுங்களாப் போகட்டும். அப்புறம் நாங்க போறோம்" என்றாள். தோம் அக்காவும் தலையாட்டினாள். அன்றிலிருந்து யாரும் மேட்டுப் பக்கம் ஓடம் விடவில்லை. சித்தப்பாதான் கால்வாய் முனையில் உட்கார்ந்து, வருகிறவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பினார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு ஜோடி வந்து இறங்கியது. பிறகு கூட்டமாக.

மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. நாரைகள் உயர எழும்பிக் கத்திக்கொண்டே வடக்கே போயின. மறுநாள் சாடியை ஓடத்தில் வைத்து இரண்டு வீட்டாரும் போனோம். சிமெண்ட் இல்லை, கூரை இல்லை. நிமிர்ந்து நிற்கும் எதையும் நாரை சந்தேகப்படும் என்று வின் முன்பே சொல்லியிருந்தார். வெறும் மண்ணை மூடினோம். கல்லறைதான் வேண்டும் என்று இத்தனை வருஷம் கிடந்தவள், ஒரு கல்கூட இல்லாமல் திரும்பி வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் படத்தைத் துடைத்துப் பலகையில் வைத்தாள். தேதி? நாரைகள் போன மறுநாள். அந்தந்த வருஷம் அது எந்த நாளாக வருகிறதோ, அதுதான் அவன் திதி. அன்று முதல் சாப்பாட்டில் அவனுக்குக் கிண்ணம் வைப்பதில்லை.

உன் பெட்டி மறுபடி வந்தது. சிவப்புப் பூப்போட்ட சட்டைத்துணி இருந்தது. தம்பி, அம்மா சிவப்பு உடுத்தி நீ பார்த்திருக்கிறாயா? கடையில் யாரையாவது வாங்கச் சொன்னாயா? எழுது. கையில் அடிபட்டு எழுத முடியவில்லை என்றால் அதையாவது யாரையாவது எழுதச் சொல்.

உன் அக்கா,
தியெப்


தாம் நோங், ஜனவரி 1988

அன்புத் தம்பிக்கு,

அம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள்.

அக்டோபரில், வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுக் கிடந்தோம். புதைக்க ஒரு சாண் காய்ந்த மண் இல்லை. அந்தக் காலத்தில் செய்வார்களே, அதுபோலத் தண்ணீருக்கு மேலே கழி நட்டுப் பெட்டியைத் தூக்கிக் கட்டிவைத்தோம். தண்ணீர் வடியும்வரை அவள் அங்கே இருந்தாள். காற்று அடிக்கும்போது கழிகள் முனகும். உன் அத்தான் தினமும் ஓடத்தில் போய்க் கயிற்றை இறுக்கிவிட்டு வருவார். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். தோம் அக்கா வந்து என்னோடு தங்கினாள். அவள் இல்லாவிட்டால் என் புத்தி பேதலித்திருக்கும்.

தண்ணீர் இறங்கியதும் மேட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் புதைத்தோம். இப்போது நாரைகள் வந்துவிட்டன, போன வருஷத்தைவிட அதிகம். ஒரு ஜோடி, தலை இன்னும் சிவக்காத குஞ்சோடு வந்திருக்கிறது. வின் சந்தோஷத்தில் கரையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். அந்த மூன்றும் அம்மா இருக்கும் இடத்தில்தான் கிழங்கு கிண்டுகின்றன. மழை வரும்வரை நானும் அங்கே போக முடியாது. கரையில் நின்று பார்க்கிறேன், ஊதுபத்தியைக் கரையிலேயே குத்துகிறேன். சில காலைகளில் அவை கத்தும்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன், யாரும் இல்லை.

ஒன்றை எழுத வேண்டும், கை வரவில்லை. கடைசி வாரம் அம்மா மறுபடி ஒரு கிண்ணம் அதிகமாக வைக்கச் சொன்னாள். அண்ணனுக்குத்தான் திதி கொடுத்தாயிற்றே அம்மா என்றேன். "அவனுக்கில்ல, சின்னவனுக்கு" என்றாள். கியெம் உயிரோடுதான் இருக்கிறான், பெட்டி அனுப்புகிறான் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. "அது அவன் எழுத்து இல்லைன்னு உனக்கும் தெரியும். அனுப்பறவங்ககிட்ட ஒரு தேதி கேட்டு வை" என்றாள்.

ஆகவே, இதைப் பிரிப்பது யாராக இருந்தாலும் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவன் மனைவியோ, நண்பனோ, ஒரே அறையில் இருந்தவரோ. எங்களை வருத்தக்கூடாது என்றுதான் இத்தனை நாள் பெட்டி அனுப்பினீர்கள். உங்கள் மாத்திரையால்தான் என் அம்மா கடைசிவரை கரைக்கு நடந்து போனாள். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். நான் கியெமைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன் என்றால், அவனே நாலு வார்த்தை திட்டி எழுதட்டும், தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன். இல்லையென்றால் ஒரு நாள், ஒரு மாதம், அது மட்டும் போதும். எப்படி, எங்கே என்று கேட்க மாட்டேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாரையும் யாரும் தேடும்படி ஆகக்கூடாது.

இப்படிக்கு,
கியெமின் அக்கா தியெப்