முத்திரையில்லா நண்டுகளுக்கு நான் அளித்த தீர்ப்பு

கடலும் கரையும் பகையின்றி வாழ்க. திரைசூழ் பவளத்தீவுகளை அறம் வழுவாது ஆளும் கோமாட்டி நெடுங்கண்ணி நாச்சியாரின் திருமுன்னர், நீள்துறை நாட்டு மன்னர் மாவண்கோ பெருந்திரையனாரின் ஆணைப்படி, அவர்தம் துறைமுக அமைச்சன் ஆதன் வழுதி தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பொய்யாதிருக்க. சென்ற கலங்கள் கரை சேர்க. முத்துக் குளிப்போரின் மூச்சு நீள்க. எனக்குரிய பட்டங்கள் இவ்வோலையில் இடம்பெற மன்னர் இசையவில்லை. ஆதலின் வெறும் பெயரோடு தங்கள் முன் நிற்கிறேன், பொறுத்தருள்க.

சென்ற கார்காலத்தில், எங்கள் அரண்மனை முற்றத்தில் கடல்நீர் வந்துபோகும் தடாகம் ஒன்றை மன்னர் அமைத்தபோது, தாங்கள் நட்பின் அடையாளமாக மூன்று உயிர்ப்பவளக் கற்களையும், அவற்றைப் பேணுவதற்கென முத்துக் குளிக்கும் கொற்றி என்னும் மங்கையையும் அனுப்பியருளினீர்கள். கற்கள் நீரில் இறங்கிய நாள்முதல் அரண்மனையார் உணவையும் மறந்து தடாகக் கரையில் நின்றனர். பிறகு மன்னர் ஆசையோடு வளர்த்த மஞ்சள் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கற்களின் பொந்துகளில் நண்டுகள் இருப்பதை அப்போதுதான் கண்டோம். அவற்றை எவரும் அழைக்கவில்லை. கல்லோடு கல்லாய் ஏறி வந்துவிட்டன. அவை தடாகத்தில் தங்கலாமா கூடாதா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பை மன்னர் என்னிடம் ஒப்படைத்தார்.

கொற்றி அவையில் தெளிவாகவே உரைத்தார். கரிய நகமும் மயிரடர்ந்த காலும் கொண்ட பெரிய நண்டு ஒன்று கல்லின் ஆழத்தில் பதுங்கியிருப்பதாகவும், மீன்களைத் தின்பது அதுவே என்றும், இரை காட்டிக் காத்திருந்து தாமே அதை வெளியே எடுத்துவிடுவதாகவும் கூறினார். பவளக் கிளைகளின் நடுவே வாழும் நகமளவு நண்டுகளோ அந்தக் கல்லின் வீட்டார் என்றும், அவற்றை அகற்றினால் கல் பிழைக்காது என்றும் கைகூப்பி வேண்டினார்.

நானோ காலமெல்லாம் சுங்கவாயிலில் நின்றவன். முத்திரையின்றிக் கலத்தில் ஒளிந்து வருவோர் எவராயினும் வெளியேற்றப்படுவர் என்பது எங்கள் துறைமுகச் சட்டம். அச்சட்டம் நண்டுக்கும் பொருந்தும் என்று தீர்ப்புரைத்தேன். அவையில் சிலர் வாய்பொத்திச் சிரித்தனர். எனக்குச் சினம் தலைக்கேறியது. நல்லது எது, கெட்டது எது என்று தரம் பிரிக்கத் தொடங்கினால் சட்டம் எதற்கு என்று உறுமினேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். கொற்றியும் நண்டுகளும் ஒரே தீவினர் ஆதலால் அவர் சாட்சியம் செல்லாது என்றும் அறிவித்தேன். இதை எழுதும்போதே என் காது சுடுகிறது. அன்று அவரை நீ என்றும் அவள் என்றும் இழித்துப் பேசினேன். புறப்படவிருந்த கலத்திலேயே ஏற்றித் தங்களிடம் திருப்பி அனுப்பினேன். தம் உடைமைகளை எடுத்துக்கொள்ளக்கூட அவகாசம் தரவில்லை.

பின்னர் இடுக்கிகளோடு ஏவலரை நீரில் இறக்கினேன். சின்னஞ்சிறு நண்டுகள் ஓடவில்லை. தம் கிளையை விடாமல் பற்றிக்கொண்டு இடுக்கியையே எதிர்த்தன. ஆதலால் எளிதில் அகப்பட்டுச் செத்தன. கரிய நகத்துப் பெரியது ஆழ்ந்த பொந்துக்குள் போய்விட்டது. எவர் கையும் எட்டவில்லை. தடாகம் தூய்மையாயிற்று என்று முரசறையச் செய்தேன். மீன்கள் முன்போலவே குறைந்துகொண்டிருந்தன.

அதன்பின் வாய்க்கால் வழியே முள்ளடர்ந்த நட்சத்திரமீன் ஒன்று உள்ளே வந்து, காவலற்ற கற்களின்மேல் படர்ந்து மேய்ந்தது. இரண்டு கற்கள் வெளுத்து இறந்தன. மூன்றாவதன்மேல் அது ஏறியபோது மன்னரும் நானும் அருகில் நின்றோம். என் ஏவலர் கண்ணுக்குத் தப்பிய ஒரேயொரு குட்டி நண்டு கிளையிடுக்கிலிருந்து வெளிவந்தது. அம்மாபெரும் உயிரின் காலைக் கவ்வி உலுக்கியது. அது விலகி இறங்கும்வரை ஓயவில்லை. மன்னர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அரண்மனைக்குள் நடந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதனினும் பெரிய பழி ஒன்று உள்ளது. ஒப்படைத்த கல்லை விட்டுத் திரும்பியவர் மீண்டும் கடலில் இறங்கலாகாது என்பது தங்கள் நாட்டு வழக்கம் என்று, அங்கிருந்து வந்த மாலுமி ஒருவர் கூறக் கேட்டோம். கொற்றி இப்போது கரையில் அமர்ந்து, பிறர் கொணரும் சிப்பிகளைத் திறந்து தருகிறாராம். ஏன் திரும்பினாய் என்று கேட்டவர்க்கு, எங்கள் நாட்டைக் குறைகூற மனமின்றி, மறுமொழியே சொல்லவில்லையாம். கோமாட்டியே, அவர் கல்லைக் கைவிட்டவர் அல்லர். அவரைப் பிரித்து அனுப்பியவன் நான். என் பிழைக்கு அவர் கரையில் அமர்ந்திருப்பது முறையன்று. அவருக்கு அவர் கடலைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்.

இனி மன்னர் ஆணை. நண்டுகள் பற்றிய என் தீர்ப்பு இன்றோடு ஒழிந்தது. எஞ்சிய சிறியது தங்கும், பெரியது கொல்லப்படாமல் கடலில் விடப்படும். வருங்காலத்தில் எது தங்கும் எது போகும் என்பதில் கொற்றி சொல்வதே முடிவு, அவர் மீண்டும் வர மனமிசைந்தால். வர மறுப்பின் அதுவும் நியாயமே. தாங்கள் பார்வையிட்டபின், இவ்வோலையை அவர் முன்னிலையில், ஊரார் கேட்க, நானே உரக்கப் படித்தல் வேண்டும்.

அதன்பொருட்டு இதைக் கொணரும் கலத்திலேயே வந்துள்ளேன். ஓலைக்குச் சங்கு முத்திரை இட்ட மன்னர், எனக்குப் பயண முத்திரை தர மறுத்துவிட்டார். ஆகவே தங்கள் துறைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கிறேன். அழைப்பின்றி வந்த என்னைக் கரையில் இறங்க விடுவதா, வந்த வழியே அனுப்புவதா என்பதைக் கொற்றியே ஆராய்ந்து கூறுவாராக. எங்கள் துறைமுகச் சட்டத்தைக் கொண்டு அளந்தால், அவர் ஆராய வேண்டியது எதுவுமில்லை.